சேக்காளியை மூட அரை மணி நேரம்

நான் ஒரு காலத்தில் பிரவுசர் செய்தேன் என்று சொன்னால் மதுரையில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்புகிறவர்களும் "எந்த ஏரியால வச்சிருந்தீங்க? ஜெராக்ஸும் உண்டா?" என்றுதான் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அப்படித்தான் கேட்டார்கள். நான் நடத்துவது பிரவுசிங் சென்டர் இல்லை, கம்ப்யூட்டரில் இணையத்தைத் திறந்து பார்க்கிற அந்தச் செயலியையே புதிதாகச் செய்கிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். பெண்ணின் அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "அதான் ஏற்கெனவே இருக்கே தம்பி" என்றார். பிற்பாடு பெரிய பெரிய ஆட்கள் எங்கள் கம்பெனியைப் பற்றிப் பல விதமாகச் சொன்னார்கள். அவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. எங்களிடம் வேலை பார்த்த அக்காவைப் பற்றி. அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் பிரவுசரைப் பயன்படுத்திய யாருக்கும் அவர் பெயர் தெரியாது, அதனால் ஒரு குறையும் வரவில்லை.

அந்த அக்காவிடம் ஒரே ஒரு குணம்தான். ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு விசாரிக்காமல் இருக்க அவருக்கு வராது. "மூஞ்சியப் பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்காமப் போனா, அது ஆளைப் பாத்ததா, மாட்டைப் பாத்ததா?" என்பார். எங்களிடம் வருவதற்கு முன் மதுரை கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில், 'விசாரணை' என்று பலகை வைத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அவரை விசாரிக்க வேண்டும் என்பதற்காக வைத்த பலகை அது. அக்கா அதைத் தனக்கிட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டார். நோயாளிகள் மொத்த வியாதியையும் அவரிடமே சொல்லி ஆறிப்போய், டாக்டரிடம் போனதும் "இப்பப் பரவால்ல சார்" என்றார்களாம். சீக்கிரமே அங்கே டோக்கன் மெஷின் வந்தது. அக்காவுக்கு வேலை போயிற்று.

அடுத்த தெருவில் ஒரு மாடி போர்ஷனில்தான் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் நானும் அருளும். அருள் பேரையூர்க்காரன், என் கல்லூரித் தோழன். நிரல் எழுதுவது அவன் வேலை, மற்றதெல்லாம் என் வேலை. மற்றது என்று ஒன்றுமே இல்லை என்பது அவன் கருத்து. பிரவுசருக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் நண்பன் என்று பொருள்படும் 'சேக்காளி' என்று பெயர் வைத்தது, எனக்கு 'தலைமைச் செயல் அதிகாரி' என்று விசிட்டிங் கார்டு அடித்தது, இரண்டும் என் சாதனைகள்.

சேக்காளியின் விசேஷம் இதுதான். திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக உங்கள் நண்பர்களின் முகங்கள் வட்ட வட்டமாக வரிசையில் இருக்கும். நீங்கள் செய்தி படித்தாலும், ரயில் டிக்கெட் எடுத்தாலும் அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். இணைப்பில் இருக்கிறவர் முகத்தின் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். முகத்தைத் தொட்டால் பேசலாம். இனி உலகத்தில் எவனும் தனியாக இணையம் பார்க்க மாட்டான் என்று நான் அறிவித்தேன். அறிவிப்பைக் கேட்டது அருள் ஒருவன்தான், அவனும் ஹெட்போன் மாட்டியிருந்தான்.

இதைத் திறந்து பார்த்து, அமுக்கிப் பார்த்து, எது மக்கர் செய்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்கா வந்தார். நேர்முகத் தேர்வுக்காக நான் கேள்விகள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்க முடியவில்லை.

"சாப்டீகளா தம்பி? மொகம் ரெண்டு பேருக்கும் கறுத்துப் போயிருக்கே. அம்மா எங்க இருக்காக? நீங்க பேரையூரா, அங்கிட்டு மழை உண்டா?"

அருள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பேரையூரில் மழை இல்லாததைப் பற்றி விரிவாகச் சொன்னான். என்னிடம் அவன் ஒரு மாதத்தில் பேசியதைவிட அது அதிகம். அக்கா மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார்.

சோதனைக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தோம், அக்கா அதில்தான் வேலை பார்த்தார். சேக்காளியை யார் நிறுவினாலும் அந்தக் கணக்குத் தானாகவே அவர்களுக்கு முதல் நண்பராகச் சேர்ந்துவிடும். அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'சோதனை'. "மனுசிக்கு யாராச்சும் சோதனைன்னு பேரு வைப்பாகளா தம்பி" என்று அக்கா வருத்தப்பட்டதால் அருள் அதை 'அக்கா' என்று மாற்றினான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக் கணக்காளர், துபாயில் ஒரு எலக்ட்ரீசியன், எங்கள் கல்லூரி ஜூனியர்கள், என் சித்தப்பா மக்கள் என்று சேக்காளிக்கு வந்த எல்லோருக்கும் இப்படித்தான் ஓர் அக்கா வாய்த்தார்.

முதல் நாள் மதியம் அக்காவின் மானிட்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தது. வயர் கோளாறு என்று நினைத்து அருள் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டான். அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பேரு வரிசையா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காக. நான் மட்டும் எப்படித் தம்பி திங்கிறது?"

அது வெறும் படம்தான் அக்கா என்றேன்.

"படம்னு எனக்குத் தெரியாதா? பச்சை எரியுதுல்ல. எரிஞ்சா ஆளு இருக்காகன்னு நீங்கதான சொன்னீக?"

நான்தான் சொன்னேன். விளம்பரத்திலும் அதைத்தான் எழுதியிருந்தேன். அதை ஒருவர் நம்பிவிடுவார் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து தூக்குச்சட்டியைத் திறக்குமுன் பச்சை எரியும் முகம் ஒவ்வொன்றையும் தொட்டு "சாப்பிட வாங்க" என்று தட்டச்சு செய்துவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார். சோறு ஆறிவிடும்.

அந்த மாதக் கடைசியில் நான் ஓர் அறிக்கை தயாரித்தேன். தலைமைச் செயல் அதிகாரி என்றால் அறிக்கை தயாரிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அக்காவின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததைப் பார்த்தால் பயங்கரமான கோளாறு ஒன்று தெரிந்தது. ஐந்தரைக்கு வேலையை முடித்து சேக்காளியை மூட ஆரம்பித்தால், அது மூடுவதற்கு ஆறு மணி ஆகிறது. தினமும் இதே கதை. மூடுவதற்கே அரை மணி நேரம் எடுக்கும் பிரவுசரை எவன் வைத்துக்கொள்வான் என்று அருளைப் பிடித்துக் காய்ச்சினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டே நிரலைப் பிரித்து மேய்ந்தான். மூடும் பகுதியை முழுக்க அழித்துப் புதிதாக எழுதினான். அப்போதும் அரை மணி நேரம் ஆனது. தாடி வளர்ந்தது. கோரிப்பாளையம் பக்கம் போனால் ஏதாவது நிரந்தர உத்தியோகம் கிடைக்குமா என்று என்னிடமே கேட்டான்.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தான். அக்கா முதல் முகத்தைத் தொட்டு "போயிட்டு வாரேன்" என்று அடித்தார். அடுத்த முகம். "போயிட்டு வாரேன்." அதற்கடுத்த முகத்தின் சொந்தக்காரர் "என்னக்கா, அதுக்குள்ளயா?" என்று கேட்டிருந்ததால், தன் வீட்டில் விருந்தாள் வந்திருப்பதை அக்கா அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

"சொல்லாம எந்திரிச்சுப் போனா என்ன நெனப்பாக தம்பி?" என்றார் திரும்பாமலே.

அருள் என் பக்கம் வந்து, "மாப்ள, கோளாறு என் புரோகிராம்ல இல்ல" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

இன்னொரு நாள் ஐந்தரைக்கு அக்கா மூடும் பொத்தானைத் தொட்டார், அந்த நொடியே சேக்காளி மூடிவிட்டது. "மாப்ள, சரியாயிருச்சு" என்று அருள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். முந்தின நாள்தான் அவன் ஏதோ ஒரு வரியை மாற்றியிருந்தான். கடை வீதிக்கு ஓடி ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கி வந்தோம். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அந்தத் திருப்பூர்த் தம்பிக்கு இன்னைக்குக் காலையில அம்மா தவறிட்டாக. கேத வீட்டுல யாராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லுவாகளா?"

எங்கள் பக்கத்து வழக்கம் இது. எந்த வீட்டிலிருந்தும் சொல்லாமல் கிளம்பக் கூடாது, சாவு வீட்டிலிருந்து மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எனக்கும் தெரிந்ததுதான். ஜிகர்தண்டாவை என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அக்காவால் தொந்தரவும் இல்லாமல் இல்லை. துபாய் எலக்ட்ரீசியன் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு புகார் அனுப்பினார். உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி எனக்கு ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று கேட்கிறார், இது தனியுரிமை மீறல் என்று எழுதியிருந்தார். படிக்கையில் எனக்கே கூசியது. அக்காவைக் கூப்பிட்டு, அந்த ஆளிடம் மட்டும் இனி எதுவும் கேட்க வேண்டாம் என்றேன். "சும்மாதான கேட்டேன்" என்றார். முகம் சுண்டிப்போனது. ஆனால் சொன்னபடி நிறுத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து எலக்ட்ரீசியனிடமிருந்து இன்னொரு கடிதம், இந்த முறை தமிழில்: "அந்தக்காவுக்கு என் மேல என்ன கோவம்? எல்லார்ட்டயும் பேசுறாங்களாம், என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறாங்க."

இப்படியே போக, சேக்காளியில் பேச்சு பெருகியது. ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்தார்கள். வந்தவர்கள் அக்காவுக்குப் பதில் சொன்னார்கள், பிறகு ஒருவருக்கொருவர் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். என் வரைபடத்தில் கோடு மேலே மேலே ஏறியது. நடுவில் அங்கங்கே தரையைத் தொட்டு எழுந்தது. அதற்குக் காரணம் மதுரையில் மின்வெட்டு என்று கீழே எழுதினேன். அந்த மின்வெட்டு எல்லாம் அக்கா வேலைக்கு வராத நாட்களிலேயே வந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. என் வடிவமைப்பு உலகத்தரத்தில் இருப்பதாக நானே நம்பிவிட்டேன். ஒரு கல்லூரியில் மனித உறவுகளின் எதிர்காலம் பற்றி மேடையேறிப் பேசினேன். பொன்னாடை போட்டார்கள்.

வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பெங்களூரிலிருந்து முதலீட்டாளர் ஒருவர் நேரில் வருவதாகச் சொன்னார். அவர் கை கொடுத்தால் சேக்காளி பிழைக்கும், இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். அருள் தாடியை எடுத்தான். நான் கோட்டு ஒன்றை இரவல் வாங்கினேன். எல்லாம் தயாரான பிறகு எனக்கு ஒரே ஒரு பயம்தான். அக்கா அந்த மனிதரைப் பார்த்ததும் சாப்பிட்டாச்சா, எத்தனை பிள்ளைகள், தலையில் முடி ஏன் இப்படிக் கொட்டியிருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டால் மானம் போய்விடும்.

அதனால் முந்தின நாள், "நாளைக்கு நீங்க லீவு எடுத்துக்கங்கக்கா" என்றேன்.

"எதுக்குத் தம்பி? நாளைக்கு ஒரு பெரிய ஆளு வர்றாகன்னு சொன்னீக?"

"நாளைக்கு வேலை ஒண்ணும் இருக்காதுக்கா. கொட்டாம்பட்டில உங்க தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, நிம்மதியா போயிட்டு வாங்க."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அன்றைக்கும் எல்லா முகங்களிடமும் சொல்லிவிட்டு, எங்களிடமும் "போயிட்டு வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார். நான் வழக்கம்போல் திரையை விட்டுத் தலையைத் தூக்காமல் "ம்" என்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதற்கு அந்த "ம்" தான் மந்திரம்.

முதலீட்டாளர் வந்தார். அமைதியான மனிதர். நான் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, பெரிய திரையில் சேக்காளியைத் திறந்து காட்டினேன். இடது ஓரத்தில் முகங்கள் வரிசையாக வந்தன. பச்சைப் புள்ளிகள் அழகாக எரிந்தன. "இப்போது பாருங்கள், பேச்சு எப்படிப் பொங்குகிறது என்று" என்றேன். பொங்கவில்லை. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் இருந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் போல அவரவர் பாட்டுக்கு இருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் நானே அக்காவின் கணக்கிலிருந்து எல்லோருக்கும் 'வணக்கம்' என்று அனுப்பினேன். பிறகு திருப்பூரிலிருந்து பதில் வந்தது: "அக்கா இப்படிப் பேச மாட்டாங்களே. யாரு இது?" துபாயிலிருந்து: "அக்காவுக்கு உடம்பு முடியலையா?" அதற்குப் பிறகு வரிசை வரிசையாக வந்து விழுந்தது. அக்கா எங்கே, அக்காவுக்கு என்ன ஆச்சு, அக்காவின் போன் நம்பர் கொடுங்கள். ஒரு வகையில் பேச்சு பொங்கத்தான் செய்தது.

முதலீட்டாளருக்குப் பூர்வீகம் காரைக்குடிப் பக்கம் என்பதும், தமிழ் நன்றாகப் படிப்பார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"யாரு அந்தக்கா?" என்றார்.

அருள்தான் சொன்னான். சாப்பிட வாங்க, போயிட்டு வாரேன், எலக்ட்ரீசியனின் இரண்டு கடிதங்கள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. வரைபடத்தை எடுத்து, தரையைத் தொட்ட இடங்களில் விரலை வைத்து, "மதுரையில ஞாயித்துக்கிழமை தோறும் கரெண்ட் போகுமா?" என்று என்னைக் கேட்டார். நான் கோட்டின் பொத்தானைப் பார்த்தேன்.

போகும்போது படியில் நின்று சொன்னார்: "பிரவுசரை எடுத்துட்டு அந்தம்மாவை மட்டும் வச்சாலும் இதே கோடு வரும். அவங்களை எத்தனை கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்க?" நல்ல மனிதர், குத்தலாகச் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

மறுநாள் அக்கா காதுகுத்து விருந்துப் பலகாரத்தோடு வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவரை ஏன் லீவில் அனுப்பினேன் என்பதை மட்டும் நான் விழுங்கினேன், அருள் விழுங்கவில்லை. அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வந்தவுக சாப்டாகளா?" என்று கேட்டார்.

ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தோம் என்றேன்.

"அம்புட்டுத் தொலவுல இருந்து வந்த மனுசனுக்கு ஒரு வாய் சோறு போடாம அனுப்பிச்சீகளா? பின்ன எப்படித் தம்பி வெளங்கும்?" என்றார். எங்கள் கம்பெனி ஏன் தோற்றது என்பதற்கு அவரிடம் கடைசி வரை அந்த ஒரு காரணம்தான் இருந்தது. இப்போது யோசித்தால் அதிலும் தப்பில்லை.

மாதக் கடைசியில் சேக்காளியை நிறுத்துவதாக எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பினோம். கடைசி நாள் ஐந்தரை மணிக்கு அக்கா திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லா முகங்களிலும் பச்சை எரிந்தது. ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். இன்றைக்கு இரவு எட்டு மணி ஆகும் என்று நான் அருளிடம் முணுமுணுத்தேன். அக்கா முகங்களை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். ஒருவரையும் தொடவில்லை. மூடினார். கண்மூடித் திறப்பதற்குள் திரை கறுப்பானது.

"நான் இப்படித்தான் மாப்ள எழுதியிருந்தேன்" என்றான் அருள்.

அக்கா பையை எடுத்தார், செருப்பை மாட்டினார், எங்களைத் தாண்டிப் படி இறங்கினார். எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்குத் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தும் அந்தச் சொல் கிடைக்கவில்லை. வழக்கம் தெரிந்தவன்தான் நான். இருந்தாலும், எங்கள் வீட்டில் விழுந்திருப்பது சாவு என்று அக்கா சொல்லாமல் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் நாங்கள் மேஜை நாற்காலிகளை விற்றுவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்திருந்தோம். படியில் காலடிச் சத்தம். அக்கா, கையில் அடுக்கு டிபன் கேரியர். கேத வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தபந்தம்தான் சோறு கொண்டுவர வேண்டும். எதுவும் பேசாமல் இலையை விரித்துப் பரிமாறினார். கருவாட்டுக் குழம்பு. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, அருள் பேரையூருக்குத் திரும்பப் போகிறானா, எனக்குப் பெண் பார்த்தது என்ன ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பெண்ணின் அப்பா சொன்னதைச் சொன்னேன். முதல் தடவையாக அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கேரியரை அடுக்கிப் பூட்டிக்கொண்டு எழுந்தார். படியருகே போய் நின்றார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"சரி தம்பி, போயிட்டு வாரேன்."

"வாங்கக்கா" என்றேன். உட்கார்ந்தபடி சொல்ல மனம் வராமல் எழுந்து, அவர் பின்னாலேயே படி இறங்கினேன். அருளும் வந்தான். வாசலில் அக்கா ஸ்கூட்டியைக் கிளப்பினார். தங்கச்சி மகளுக்குக் காது ஆறிவிட்டதா என்று கேட்டேன். வண்டியை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் சீழ் வைத்ததையும் மஞ்சள் பற்றுப் போட்டதையும் சொன்னார். மறுபடி கிளப்பினார். கொட்டாம்பட்டியில் மழை உண்டா என்று அருள் கேட்டான். மறுபடி அணைத்தார். இப்போது அக்காவோடு போனில் பேசும் திருப்பூர்த் தம்பிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் செய்தி வந்தது. துபாய்க்காரரின் மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருக்கும் செய்தி வந்தது. கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, யார் இத்தனை நேரமாக வண்டியை உறுமவிடுவது என்று பார்த்துவிட்டுப் போனார்.

தெருவிளக்கு எரிந்தபோதும் நாங்கள் மூவரும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தோம். அருள் என் காதருகே குனிந்தான்.

"மாப்ள, இதையும் மூட அரை மணி நேரம் ஆகுது."

"ஆகட்டும், நீ அதுல கை வைக்காத" என்று சொல்லிவிட்டு, "அக்கா, அப்புறம்?" என்று கேட்டேன்.